அனாமத்துக் கணக்கு

நான் பி.காம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். கீழே லினக்ஸ், சர்வர், டிஸ்க் என்று நான் அள்ளிவிடப் போவதைப் பார்த்து, யாரோ கம்ப்யூட்டர் விஞ்ஞானி பத்தி எழுத வந்துவிட்டான் என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு, பேரேடு. அதுவும் பாஸ் மார்க்குக்குத் தேவையான அளவுக்குத்தான்.

இருந்தாலும் சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருந்தேன். சொந்தம் என்றால் மாத வாடகைக்கு. ஜெர்மனியில் எங்கோ ஒரு கட்டடத்தில், நான் பார்த்தே இராத ஒரு ராட்சச மெஷினுக்குள் எனக்கென்று ஒரு சின்னப் போர்ஷன். அதில் இருபது ஜி.பி.க்கு ஒரு டிஸ்க்; லினக்ஸ் குடியிருப்பது அதில். அது போதாது என்று தனியாக நூறு ஜி.பி.க்கு இன்னொரு டிஸ்க் வாங்கி, அதைப் 'பெட்டி' என்று ஒரு ஃபோல்டரில் மாட்டி வைத்திருந்தேன். இருபது வருடமாக நான் எழுதிய கட்டுரைகளை ஸ்கேன் செய்து அதில் போட்டேன். தமிழ்கூறும் நல்லுலகம் வந்து படித்துப் பயன்பெறட்டும் என்று ஒரு நல்லெண்ணம்தான்.

'மாட்டி' என்று சும்மா சொல்லவில்லை. விண்டோஸில் சி, டி, ஈ என்று டிஸ்க்குகள் தனித்தனி வீடாக நிற்கும். லினக்ஸில் எல்லாம் ஒரே வீடு. புதிதாக டிஸ்க் வந்தால் அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி பார்த்து மாட்டிவிட வேண்டும். ஆணி என்பது ஒரு காலி ஃபோல்டர். மாட்டிய பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்தால் டிஸ்க்கில் இருப்பது தெரியும். இங்கிலீஷில் மவுண்ட் என்பார்கள்.

எந்த ஆணியில் எந்த டிஸ்க் என்பதற்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு. பெயர் எஃப்எஸ்டேப். 1980-ல் வந்த பெர்க்லி யூனிக்ஸ் காலத்துச் சரக்கு, இன்றைக்கும் அதேதான். ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு பத்தி. எந்த டிஸ்க், எங்கே மாட்டணும், என்ன வகை, என்னென்ன நிபந்தனை என்று நான்கு. ஐந்தாவது பத்தி 'டம்ப்' என்ற பழைய பேக்கப் புரோகிராமுக்கானது. அதை இன்று சீந்துவார் இல்லை. ஆனாலும் பயபக்தியோடு ஒரு பூஜ்ஜியம் போடுகிறார்கள், சில பழைய கம்பெனி லெட்டர்ஹெட்டில் தந்தி முகவரி இருக்குமே, அந்த மாதிரி. ஆறாவது, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எந்த வரிசையில் சோதிக்கணும் என்பது.

முதல் பத்தியில் டிஸ்க்கின் பெயரை எழுதுவதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று கெர்னல் வைக்கும் பெயரை எழுதலாம். ஆனால் அது பந்தியில் உட்கார்ந்த வரிசை மாதிரி. 'மூணாவது இலைக்கு அப்பளம்' என்றால், அடுத்த பந்தியில் மூன்றாவது இலையில் வேறு ஆள் இருப்பான். அதனால் யூயூஐடி என்று 36 எழுத்து நீளத்துக்கு ஓர் அடையாள எண்ணை எழுதச் சொல்வார்கள். அது டிஸ்க்கோடு போகும், டிஸ்க்கோடு வரும். நானும் அதைத்தான் எழுதியிருந்தேன். அந்த ஒழுக்கமே எனக்கு வினையாக வந்தது.

2022 அக்டோபர், தீபாவளிக்கு முந்தின வாரம். நூறு ஜி.பி. நிரம்பிவிட்டது. பெரிய டிஸ்க் வாங்கினேன், எல்லாவற்றையும் காப்பி செய்தேன், கையாலேயே பெட்டியில் மாட்டினேன், பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்து வாடகையை நிறுத்தினேன். எல்லாம் ஜோராக ஓடியது. ரெஜிஸ்டரில் பழைய டிஸ்க்கின் நம்பர்தான் இருக்கிறது என்பது மட்டும் நினைவில்லை. ரெஜிஸ்டரை லினக்ஸ் பூட் ஆகும்போதுதான் புரட்டிப் பார்க்கும். அதுவரைக்கும் தப்பு தப்பாகவே தெரியாது. இது பி.காம். படித்தவனுக்குப் புதிய விஷயமும் இல்லை. மார்ச் 31 வரைக்கும் எந்தக் கணக்கும் சரியாகத்தான் இருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி, கெர்னல் அப்டேட் என்று சொன்னதை நம்பி ரீபூட் கொடுத்தேன். ஒரு நிமிஷம் பார்த்தேன், இரண்டு, ஐந்து நிமிஷம் பார்த்தேன். பிங் அடித்தால் பதில் இல்லை. மணி பதினொன்றரை. ஜெர்மனியில் ராத்திரி எட்டு மணி. உள்ளூர் என்றாலாவது ஆட்டோ பிடித்துப் போய்த் தட்டிப் பார்க்கலாம்.

கோவையில் என் அக்கா பையன் இருக்கிறான். சிஸ்டம் அட்மின் உத்தியோகம். எந்த நேரத்தில் போன் செய்தாலும் விழித்திருப்பான். அந்தத் தொழிலின் சாபம் அப்படி.

"மாமா, ரீபூட் பண்றதுக்கு முன்னாடி எஃப்எஸ்டேப் பார்த்தீங்களா?"

"பார்க்கணுமாடா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு, வாடகைக்காரர்களின் வெப்சைட்டில் கன்ஸோல் என்று ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்கள் என்றான். ஜெர்மனி சர்வருக்கு ஒரு மானிட்டர் இருந்தால் அதில் என்ன தெரியுமோ அது என் லேப்டாப்பில் தெரிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. தங்களது கம்ப்யூட்டர் எமர்ஜென்சி மோடில் இருக்கிறது என்று ஆரம்பித்து, ரூட் பாஸ்வேர்டு கொடுக்க வழியில்லை, ரூட் கணக்குப் பூட்டப்பட்டிருக்கிறது, தொடர என்டர் அடிக்கவும் என்று முடித்திருந்தது. என்டர் அடித்தேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு அதையே மறுபடி சொன்னது. ஆஸ்பத்திரி வாசலில், 'டாக்டர் உள்ளே இருக்கார், உள்ளே விட மாட்டேன், போய் உட்காருங்க' என்பாரே ஒரு காவலாளி, அவர் குரலிலேயே எனக்குக் கேட்டது.

என்ன நடந்திருக்கிறது? லினக்ஸ் எழுந்திருக்கிறது. ரெஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறது. இந்த நம்பர் டிஸ்க்கைக் காணோமே என்று 90 விநாடி காத்திருந்திருக்கிறது. வரவில்லை. உடனே, எதுவோ பெரிய தப்பு நடந்திருக்கிறது, ஆள் வந்து பார்க்கட்டும் என்று எல்லாக் கடையையும் மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டது. நெட்வொர்க்கைக்கூடக் கிளப்பவில்லை. அதனால்தான் பிங் இல்லை, எஸ்.எஸ்.ஹெச். இல்லை.

இது முன்பு இவ்வளவு கறாராக இல்லை என்றான் பையன். சிஸ்டம்டி என்று ஒன்று 2010-ல் வந்தது. லினக்ஸ் எழுந்ததும் யார் யார் எந்த வரிசையில் வேலைக்கு வரவேண்டும் என்று பார்க்கிற மேஸ்திரி. 2015-ல் டெபியன், உபுண்டு இரண்டும் அதற்கு மாறின. ரெஜிஸ்டரில் ஒரு டிஸ்க் எழுதியிருந்தால், வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை, அது கண்டிப்பாக வேண்டும் என்றுதான் இந்த மேஸ்திரிக்கு அர்த்தம். இருபது ஜி.பி. டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது, பிராசஸர் இருக்கிறது, நெட் இருக்கிறது. என்னுடைய பழைய கட்டுரை மூட்டை காணோம் என்பதற்காக மொத்த ஊரையும் கர்ஃப்யூவில் போட்டுவிட்டதே! அன்றைக்கு நான் அதைத் திட்டிய திட்டு அச்சில் ஏறாது.

மீட்டது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். அதே வெப்சைட்டில் ரெஸ்க்யூ என்று ஒரு வழி இருந்தது. என் டிஸ்க்கைத் தொடாமல், நெட்வொர்க் வழியாக வேறொரு குட்டி லினக்ஸை வைத்து மெஷினைக் கிளப்புவார்கள். அதற்குள் நுழைந்து, என் இருபது ஜி.பி.யை ஒரு ஃபோல்டரில் மாட்டி, எஃப்எஸ்டேப்பைத் திறந்து, தப்பான வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு, மூடிவிட்டு வந்தேன். மொத்தம் ஓர் எழுத்து. ரீபூட். பிங்குக்குப் பதில் வந்தபோது மணி ஒன்றேகால்.

அப்புறம் பையன் உள்ளே வந்து வரியைச் சரியாக எழுதினான். நான்காவது பத்தியில் ஒரு வார்த்தை சேர்த்தான். நோஃபெயில். டிஸ்க் வந்தால் மாட்டு, வராவிட்டால் பரவாயில்லை, நீ பாட்டுக்கு எழுந்து வா என்று அர்த்தம்.

"இனிமே நிம்மதியா தூங்குங்க மாமா."

எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் ஞாபகம் வந்தார். இருப்பாய்வு போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் டேலி ஆகாது. நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் எங்கேயோ இடிக்கும். தேடித் தேடிக் கண் பூத்துப் போனபின், அந்த நூற்றுப் பன்னிரண்டை அனாமத்துக் கணக்கு என்று ஒரு தலைப்பில் எழுதிவிட்டால் போதும், டேலி. தப்பு எங்கேயும் போகவில்லை, ஆனால் கணக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாத்தியார் அதைச் சொல்லிக்கொடுத்த அன்றே இன்னொன்றும் சொன்னார். இந்தக் கணக்கைத் திறக்கிறவன், என்றைக்கு இதை மூடப் போகிறோம் என்பதையும் எழுதி வைக்கணும். பரீட்சைக்கு வராது என்று நான் அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அந்த வருஷம்தான் அம்மாவைப் பேசவைத்து ரெக்கார்டு செய்ய ஆரம்பித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கு அப்புறம், போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஏதாவது கேட்பேன். 1977 நவம்பர் வெள்ளத்தில் திருச்சி மிதந்தபோது உறையூர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, தையல் மெஷினைப் பரணில் ஏற்றியது, ரேஷன் அட்டை நனைந்தது. நாற்பது நிமிஷம் பேசுவார். ஏறத்தாழ 38 எம்.பி. வரும். அதை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவேன். ராத்திரியானால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதை ஜெர்மனிக்கு, பெட்டிக்குள் 'அம்மா' என்கிற ஃபோல்டருக்கு அனுப்பிவிட்டு, இங்கே இருப்பதை அழித்துவிடும். அழிக்கச் சொன்னது நான்தான். லேப்டாப்பில் இடமில்லை.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் வாடகைக்காரர்களிடமிருந்து மெயில். பராமரிப்பு வேலை, உங்கள் சர்வர் ஒருமுறை ரீபூட் ஆகும், சிரமத்துக்கு வருந்துகிறோம். காலையில் பார்த்தேன். சர்வர் எழுந்து, குளித்து, விபூதி பூசித் தயாராக இருந்தது. நோஃபெயில் வாழ்க என்று பையனுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

அந்த ரீபூட்டில் பெட்டி டிஸ்க் வரவில்லை. பராமரிப்புக்காகக் கழற்றியதை, சர்வர் எழுந்த பிறகுதான் இணைத்திருக்கிறார்கள். லினக்ஸ் எழும்போது டிஸ்க் இல்லை, நோஃபெயில் என்று எழுதியிருக்கிறதே, சரி போகட்டும் என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டது. பெட்டி என்ற ஃபோல்டர் இருக்கிறது. டிஸ்க் இல்லாத வெறும் ஆணி. அடுத்த ஞாயிறு ராத்திரி என் ஸ்கிரிப்ட் போனது. பெட்டி இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே அம்மா ஃபோல்டர் இல்லையே? உருவாக்கிக்கொண்டது. ஃபைலைப் போட்டது. வேலை சுபமாக முடிந்தது என்று சொல்லிவிட்டு இங்கே இருந்ததை அழித்தது.

நான் எல்லாவற்றையும் ரூட்டாகவே செய்கிற கெட்ட பழக்கம் உள்ளவன். சாதாரண யூசராக இருந்திருந்தால், டிஸ்க் மாட்டாத அந்த வெறும் ஃபோல்டரில் எழுத உனக்கு அனுமதி இல்லை என்று லினக்ஸ் அன்றைக்கே கத்தியிருக்கும். ராஜாவிடம் யார் கத்துவார்கள்?

டிஸ்க் இல்லாததால் வெப்சைட்டில் என் ஸ்கேன் கட்டுரைகள் ஒன்றும் திறந்திருக்காது. கிட்டத்தட்ட மூன்று மாதம். ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. என் எழுத்தைப் பற்றி இது என்ன சொல்கிறது என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

பதினோரு ஞாயிறு. பிப்ரவரி 12-லிருந்து ஏப்ரல் 23 வரை. ஏப்ரல் கடைசியில் ஏதோ அப்டேட் என்று நானே ஒரு ரீபூட் கொடுத்தேன். இந்தமுறை டிஸ்க் இருந்தது. சமர்த்தாக மாட்டிக்கொண்டது. ஏப்ரல் 30 ஞாயிறு அம்மா ஆஸ்பத்திரியில். மே மாதம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் அக்கா கேட்டாள். "டேய், அம்மா பேசினதெல்லாம் வெச்சிருக்கியே, கடைசியா பேசினதைப் போடு."

லேப்டாப்பைத் திறந்தேன். அம்மா ஃபோல்டரில் பிப்ரவரி 5 வரைக்கும் இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. லேப்டாப்பில் இல்லை. போனில் எப்போதோ அழித்தாகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து மொட்டைமாடிக்குப் போனேன். நெட் ஸ்லோவாக இருக்கிறது என்று அக்காவிடம் பொய் சொன்ன ஞாபகம்.

அக்கா பையன் ஊரில்தான் இருந்தான். தலை மழித்து, மீசை இல்லாமல், சின்னப் பையனாகத் தெரிந்தான். சொன்னதைக் கேட்டுக்கொண்டான். எதற்கும் பதறாத ஜாதி.

"மாமா, டி.எஃப். அடிங்க."

டி.எஃப். என்பது ஒவ்வொரு டிஸ்க்கிலும் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று மொத்தமாகச் சொல்லும். இருபது ஜி.பி. டிஸ்க்கில் 7.1 என்றது. அடுத்து டி.யூ. என்றான். அது ஒவ்வொரு ஃபோல்டராகப் போய் எண்ணிக் கூட்டிச் சொல்லும். 6.7 என்றது.

பாருங்கள், இங்கே நான் பி.காம். ஆனேன். பேங்க் பாஸ்புக் ஒன்று சொல்கிறது, நம் கேஷ்புக் ஒன்று சொல்கிறது. கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும் என்றான் பையன். அழித்த ஃபைலை ஏதாவது புரோகிராம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படிக் காட்டும் என்றான். நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். பதினொன்று பெருக்கல் முப்பத்தெட்டு. நானூற்றுப் பதினெட்டு எம்.பி. 0.4 ஜி.பி.

"இருக்குடா."

"இருக்கு மாமா. பெட்டிக்கு அடியில இருக்கு."

எங்கள் உறையூர் வீட்டில் கூடத்துச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதில் சில்லறை வைப்பார்கள். அதற்கு நேர்மேலே ஆணி அடித்துப் பெரிய தினசரி காலண்டரை யாரோ மாட்டிவிட்டார்கள். சில்லறை எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. காலண்டரைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்குக் காலண்டர்தான் தெரியும். மவுண்ட்டும் அதேதான். மாட்டிய டிஸ்க், அடியில் இருக்கும் ஃபோல்டரில் உள்ளதை மறைக்கும், அழிக்காது. காலண்டரைக் கழற்றலாம். அதைவிட நாசூக்கான வழி ஒன்று உண்டு. பைண்ட் மவுண்ட். வீட்டின் மூலச் சுவரை மட்டும், மேலே மாட்டியிருப்பது எதுவும் இல்லாமல், இன்னோர் இடத்தில் காட்டச் சொல்வது. ஒரு வரி. அடித்தான். அந்த இடத்தில் பெட்டி, அதற்குள் அம்மா, அதற்குள் பதினோரு ஃபைல்.

பையன் கன்ஸோலைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் அம்மாச்சி என்றால் உயிர்.

முதல் வேலையாக மூன்று இடத்தில் காப்பி எடுத்தோம். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து சர்வரைத் திருத்தினோம். நோஃபெயிலை எடுத்துவிடலாமா என்றேன். வேண்டாம் என்றான் பையன். தூரத்து சர்வருக்கு அது வேண்டும். ரூட் டிஸ்க் தவிர மற்றதற்கெல்லாம் போடலாம், இல்லாவிட்டால் மறுபடி நள்ளிரவில் ரெஸ்க்யூ. ஆனால் நோஃபெயிலைத் தனியாக விடக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, காலி ஃபோல்டருக்கு 'சாட்டர் ப்ளஸ் ஐ' என்று ஒரு முத்திரை குத்தினான். அதற்குப் பிறகு டிஸ்க் இல்லாத வெறும் ஃபோல்டரில் ரூட்டே வந்தாலும் ஒரு எழுத்து எழுத முடியாது. மேலே டிஸ்க்கை மாட்டிவிட்டால் வழக்கம்போல எழுதலாம். இவ்வளவு எளிய காரியத்தை ஏன் எல்லாரும் முதல் நாளே செய்வதில்லை என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. டிஸ்க்கை நம்பியிருக்கும் சர்வீஸ்களுக்கு, டிஸ்க் மாட்டியிருந்தால்தான் நீ எழுந்திருக்கணும் என்று ஆளுக்கொரு வரி எழுதினான். என் ஸ்கிரிப்ட், அனுப்புவதற்கு முன் பெட்டியில் நிஜமாகவே டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று கேட்கும்படி ஆனது. மவுண்ட்பாயிண்ட் என்றே அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தோம், கன்ஸோலில் காவலாளியைத் தாண்டி உள்ளே போக. எஃப்எஸ்டேப்பில் கை வைத்தால், ரீபூட் செய்வதற்கு முன்பே அதைத் தணிக்கை செய்து சொல்ல ஃபைண்ட்எம்என்டி என்று ஒன்று இருக்கிறதாம், வெரிஃபை என்று சேர்த்து அடிக்கவேண்டும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் லேப்டாப் மூடியில் ஒட்டிவிட்டுப் போனான். இன்னும் இருக்கிறது.

எமர்ஜென்சி மோடை நான் அவ்வளவு திட்டினேனே, அது செய்ததில் ஓரளவு நியாயம் இருந்தது என்று அன்றைக்குத்தான் பட்டது. டிஸ்க் வராமலே கடையைத் திறந்தால் சரக்கைத் தப்பான இடத்தில் இறக்கிவிடுவார்கள் என்று பயந்துதான் அது கதவைச் சாத்தியிருக்கிறது. பயந்தது சரி. சாத்திக்கொண்ட கதவைத் தட்டக்கூட முடியாத தூரத்தில் நான் இருப்பேன் என்பதை அது யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு இந்தக் கதை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

அன்றைக்கு நெட் சரியாகிவிட்டது என்று சொல்லி ஏப்ரல் 23-ஐப் போட்டேன். முதல் பத்து நிமிஷம் எதிர்வீட்டில் டைல்ஸ் அறுக்கிற சத்தம். அதற்குள்ளிருந்து அம்மா, தையல் மெஷினைப் பரணில் ஏற்றியது அப்பா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்று முன்பு சொன்னதைத் திருத்துகிறார். அப்பா அன்றைக்கு ஊரிலேயே இல்லையாம். அக்கா, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். நாற்பதாவது நிமிஷத்தில், "போதும்டா, நிறுத்து, அடுப்புல பால் இருக்கு" என்று நாற்காலி தள்ளும் சத்தம். நிறுத்த மறந்திருக்கிறேன் போலிருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு நிமிஷம், சமையலறையில் பாத்திரம் உருட்டுவது மட்டும் கேட்கிறது.